சூரியனுக்கு முதுகைக் காட்டி எடுத்த கோல்

மேலச்சடையனேரிக்காரர்களிடம் எதைச் சொன்னாலும் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். அவர்கள் கெட்டவர்கள் என்பதால் அல்ல. சொன்னதைச் சொன்னபடியே செய்துவிடுவார்கள், அதனால்தான். அந்த ஊருக்கு முதன்முதலாக டவுன் பஸ் வந்தபோது, 'கை, தலையை வெளியே நீட்டாதீர்' என்று உள்ளே எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தலையை வெளியே நீட்டாமல் எப்படி இறங்குவது என்று தெரியாமல், ஏறிய அத்தனை பேரும் டெப்போ வரைக்கும் போய்த் திரும்பி வந்து மறுபடியும் டெப்போவுக்குப் போனார்கள். கடைசியில் கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டு இறக்கிவிட்டதாகக் கேள்வி.

அப்பேர்ப்பட்ட ஊரில் டெய்லர் குருவையா இன்னும் ஒருபடி நல்ல மனிதர். அப்பா அம்மா போன பிறகு தம்பி சுடலைமணியைச் சோறு ஊட்டி வளர்த்தவர் அவர்தான். தம்பி கால்பந்து ஆட ஆரம்பித்ததும், டீம் மொத்தத்துக்கும் சட்டை தைத்துக் கொடுத்தவரும் அவர்தான். தம்பிக்கு ஒரு கல்யாணம் ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. வேறு ஆசை எதுவும் அவருக்கு இருந்ததாக யாருக்கும் தெரியவில்லை.

வாகைப்பட்டி ஐயம்பெருமாள் வீட்டில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் தங்கபுஷ்பம். அவள் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தாள். சுடலைமணி கேசரித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, தின்ன வேண்டும் என்பதையே மறந்துபோனான். ஊருக்குத் திரும்பும்போதும் அந்தத் தட்டு அவன் கையில் இருந்தது. மறுநாள் குருவையா போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

எல்லாம் பொருந்தியது. ஒன்றே ஒன்றுதான் இடித்தது. ஐயம்பெருமாளுக்குக் கால்பந்து என்றால் உயிர். மைதானத்தில் அவர் கால் வைத்ததே இல்லை. ஆனால் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து உலகத்தில் உள்ள எல்லா ரெஃபரிகளையும் திருத்தியிருக்கிறார்.

"மாப்பிள்ளை நல்லாத்தான் இருக்காரு" என்றார் ஐயம்பெருமாள். "ஆனா கால்பந்து ஆடுதேன்னு சொல்லுத ஆளு ஊருக்கு நாலு பேரு இருக்கான். கோல் அடிச்சாத்தான் வே ஆட்டக்காரன். ஞாயித்துக்கெழமை கடம்பனூர்ல ஃபைனலாம்லா? எனக்கு மூட்டுவலி, வர முடியாது. அவரு கோல் அடிக்கிற நேரத்துல எடுத்த போட்டோ ஒண்ணு கொண்டாங்க. பாத்துட்டுத் தேதி குறிச்சிருவோம்."

"கோல் போட்டோ இல்லேன்னா?" என்றார் குருவையா.

"இல்லேன்னா நாங்குநேரிப் பக்கம் ஒரு கோல்கீப்பர் மாப்பிள்ளை இருக்கான்."

சுடலைமணிக்கு அன்று ராத்திரிச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்த்துக் குருவையாவுக்கும் இறங்கவில்லை.

மறுநாள் காலையில் குருவையா துணைக்கு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு டவுனில் உள்ள ஆரோக்கியம் ஸ்டுடியோவுக்குப் போனார். ஒருவர் வக்கீல் வேலாண்டி. ஒரே ஒரு தடவை சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போய்வந்ததால் ஊரில் அவருக்கு அந்தப் பட்டம். இன்னொருவன் சங்கிலி. கிணற்றில் விழுந்த வாளியை முங்கி எடுப்பது அவன் தொழில்.

ஆரோக்கியம் ஒரு கல்யாண ஆல்பம் ஒட்டிக்கொண்டிருந்தார். பழைய கேமரா ஒன்றை நீள லென்ஸோடு இரவல் கொடுத்து, தலையைத் தூக்காமலே பாடம் நடத்தினார்.

"நல்லாக் கேட்டுக்கோங்க அண்ணாச்சி. மைதானத்துக்குள்ள உங்கள விட மாட்டான், காலரியில இருந்துதான் எடுக்கணும். சூரியன் எப்பவும் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். மூஞ்சிக்கு நேரா இருந்தா படம் கருப்படிச்சிரும். அமுக்குத நேரம் மூச்சைப் பிடிச்சுக்கணும், விட்டா கை ஆடும். பந்தைத் தொரத்தாதீங்க, முகத்தைப் பாருங்க. கோலு பந்துல தெரியாது, முகத்துலதான் தெரியும். நூறு படம் எடுத்தா ஒண்ணு தேறும், மனசை விட்ராதீங்க. இந்தக் கார்டுல நூறுதான் கொள்ளும்."

மூன்று பேரும் பாடத்தை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தார்கள். அரசமரத்தடியில் ஆலோசனை ஆரம்பமானது.

"நூறு எடுத்தா ஒண்ணு தேறும்னு சொல்லிட்டாரு" என்றார் வேலாண்டி. "அப்ப தேறாதது எத்தனை?"

சங்கிலி விரல்விட்டு எண்ணப் பார்த்தான். விரல் பற்றவில்லை.

"தொண்ணூத்தொம்பது" என்றார் வேலாண்டி. "இந்தத் தொண்ணூத்தொம்பதையும் தூக்கிக்கிட்டு மேட்ச்சுக்குப் போனா என்னாவும்? கோல் விழுத நேரத்துல தேறாதது வந்து நிக்கும். அதனால தேறாததையெல்லாம் ஊர்லயே எடுத்து முடிச்சிருவோம். தேறுதது ஒண்ணை மட்டும் பத்திரமா கடம்பனூர் கொண்டு போவோம்."

குருவையாவுக்குக் கண் கலங்கியது. இப்படி ஒரு மூளை நம் ஊரில் இருக்கிறதே என்று பெருமையாக இருந்தது.

"தேறுதது மொதல்லயே வந்துட்டா?" என்றான் சங்கிலி.

"அதுக்குத்தான், தேறவே தேறாததாப் பாத்து எடுக்கணும்."

அந்த ஊரில் தேறாததற்குப் பஞ்சம் இல்லை. பாதியில் நின்ற மேல்நிலைத் தொட்டியை எடுத்தார்கள். போட்ட மாதமே காணாமல்போன தார் ரோட்டை எடுத்தார்கள். மூன்று தடவை திறப்புவிழா நடந்தும் கூரை இல்லாத பஸ் நிறுத்தத்தை மூன்று தடவை எடுத்தார்கள். சங்கிலியை முன்பக்கமும் பின்பக்கமும் எடுத்தார்கள். குளத்துக்கு அக்கரையில் மேய்ந்துகொண்டிருந்த கோயில்காளையை லென்ஸ் வழியாகப் பார்த்த வேலாண்டி, மூக்குக்கு நேரே கொம்பு தெரிகிறது என்று அலறிக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினார். காளை அக்கரையிலேயே மேய்ந்துகொண்டிருந்தது.

சாயங்காலம் ஒரு கண்டம் வந்தது. குருவையா குளத்தைப் பார்த்துச் சும்மா அமுக்கிய நேரத்தில் ஒரு மீன்கொத்தி தண்ணீருக்குள் பாய்ந்து வெளியே வந்தது. படத்தைப் பார்த்தார்கள். அலகில் மீன், இறக்கையில் மஞ்சள் வெயில், சிதறிய தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் தனித்தனியாகத் தெரிந்தது. மூன்று பேருக்கும் முகம் வெளிறிப்போனது.

"ஐயையோ, தேறிட்டே!" என்றார் குருவையா.

"சத்தம் போடாதீரும். யாரும் பாக்குததுக்குள்ள அழியும்" என்றார் வேலாண்டி.

சங்கிலி கேமராவில் இருந்த பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கி, குப்பைத்தொட்டி படம் போட்டதைக் கண்டுபிடித்து, மீன்கொத்தியை ஒழித்துக்கட்டினான். அதற்குப் பதில், லென்ஸின் மூடியைக் கழற்றாமலே ஒன்று எடுத்தார்கள். கன்னங்கரேல் என்று வந்தது. அப்புறம்தான் குருவையாவுக்கு மூச்சு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடம்பனூர் மைதானத்தில் நல்ல கூட்டம். கடம்பனூருக்கும் மேலச்சடையனேரிக்கும்தான் ஃபைனல். முதலில் ஒரு பிரமுகர் வந்தார். கால்பந்தையும் தன் வாழ்க்கையையும் பற்றி நெடுநேரம் பேசினார். பிறகு பந்தை உதைத்துத் தொடங்கிவைத்தார். பந்து நின்ற இடத்திலேயே இருந்தது, செருப்புதான் போனது. போட்டோக்காரர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க மறுபடியும் உதைத்தார். அவர் காரில் ஏறிக் கிளம்பியதும், மைதானத்துக்குள் அனுமதிக்கப்பட்டிருந்த போட்டோக்காரர்கள் அத்தனை பேரும் அவர் பின்னாலேயே கிளம்பிவிட்டார்கள். ஆட்டத்தைப் படம் எடுக்க அந்த மைதானத்தில் மிச்சம் இருந்தவர் குருவையா ஒருவர்தான்.

அவருக்கு அப்போது வேறு பிரச்சினை. டிக்கெட்டில் 'கிழக்கு காலரி' என்று அச்சடித்திருந்தது. கிழக்கு காலரியில் முதல் வரிசையில் இடம் கிடைத்தது. சாயங்கால வெயில் மேற்கே இருந்து சுள்ளென்று முகத்தில் அடித்தது.

"சூரியன் முன்னாடி இருக்கு" என்றார் குருவையா கவலையோடு. "பின்னாடில்லா இருக்கணும்?"

"மேக்கு காலரிக்குப் போயிருவமா?" என்றான் சங்கிலி.

"டிக்கெட்டுல என்ன போட்டிருக்கு? கெழக்கு" என்றார் வேலாண்டி. "டிக்கெட்டை மீறப்பிடாது. கோர்ட்டுல கேப்பாம்."

"சூரியனை நவத்த முடியாது. டிக்கெட்டை மாத்த முடியாது. அப்ப எதைத்தான் மாத்த?" என்றார் குருவையா.

மூவரும் கொஞ்ச நேரம் யோசித்தார்கள். பிறகு எழுந்து, மைதானத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள். சூரியன் சரியாக முதுகில் அடித்தது. குருவையாவுக்குத் திருப்தியாக இருந்தது.

இப்போது அவர்களுக்கு எதிரே, படிப்படியாக மேலே வரைக்கும், கடம்பனூர் ஜனம் உட்கார்ந்திருந்தது. நீள லென்ஸ் தங்களைப் பார்த்துத் திரும்பியதைக் கண்டதும் நாலைந்து பேர் தலை வாரிக்கொண்டார்கள். ஒருவர் மீசையை முறுக்கிவிட்டு, முறுக்கிய கையை எடுக்காமலே உட்கார்ந்திருந்தார்.

"கோல் விழுதது நமக்கு எப்படித் தெரியும்?" என்றான் சங்கிலி.

"ஸ்டுடியோக்காரரு என்ன சொன்னாரு? கோலு பந்துல தெரியாது, முகத்துலதான் தெரியும்" என்றார் வேலாண்டி. "எதிர்ல எத்தனை முகம் இருக்கு பாரும். எதுலயாவது தெரியாமயா போயிரும்?"

விசில் ஊதியது. குருவையா கேமராவைக் கண்ணில் வைத்து மூச்சைப் பிடித்தார். கோல் எந்த நேரத்தில் விழும் என்று யாருக்குத் தெரியும்? பிடித்தவர் பிடித்தபடி இருந்தார். முகம் சிவந்து, அப்புறம் நீலமாகி, கண்ணில் பூச்சி பறந்தது. பக்கத்தில் இருந்தவர் சோடா தெளித்த பிறகுதான் ஆள் திரும்பினார்.

"இது ஒராளு பாக்குத வேலை இல்ல" என்றார் வேலாண்டி. "மூச்சுப் பிடிக்கதுக்குத் தனி ஆளு, அமுக்கதுக்குத் தனி ஆளு வேணும். சங்கிலி, நீதான் கெணத்துக்குள்ள முங்குதவன். அண்ணாச்சிக்காக நீ மூச்சைப் பிடி."

சங்கிலி மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தான். பழக்க தோஷத்தில் இன்னொரு கையால் காலடியில் வாளியைத் துழாவினான்.

ஆட்டம் நடந்தது. பந்து உதைபடும் சத்தம் முதுகுக்குப் பின்னால் கேட்டது. தம்பியின் குரலும் நடுநடுவே கேட்டது. "பாஸ் போடுல! இங்க போடுல!" அந்தக் குரலைக் கேட்டதும் குருவையாவுக்கு உடம்பெல்லாம் துடித்தது. இத்தனை வருஷம் எந்த வேலை இருந்தாலும் மிஷினை நிறுத்திவிட்டுத் தம்பி ஆடுவதைப் பார்க்கப் போனவர் அவர். இன்றைக்குத் தான் தைத்த புதுச் சட்டையில் தம்பி ஃபைனல் ஆடுகிறான். ஒரே ஒரு தடவை, கழுத்தை லேசாகத் திருப்பினால் போதும். ஆனால் திருப்பினால் சூரியன் முன்னால் வந்துவிடும். படம் கருத்துவிடும். தங்கபுஷ்பம் கோல்கீப்பர் வீட்டுக்குப் போய்விடுவாள். குருவையா பல்லைக் கடித்துக்கொண்டு, மீசை முறுக்கியவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கோல் விழுகிற வழியைக் காணோம். சங்கிலி முங்குவதும் எழுவதுமாக இருந்தான். ஆட்டம் முடியப்போகிறது என்று யாரோ சொன்னார்கள்.

திடீரென்று காலரி எழுந்தது.

"எந்திரிக்காவ! எந்திரிக்காவ!" என்று வேலாண்டி கத்தினார். "மூச்சைப் பிடி!"

சங்கிலி அப்போதுதான் ஒரு நீண்ட முங்கலின் கடைசியில் இருந்தான். இன்னும் கொஞ்சம் பிடித்தான். கண் பிதுங்கியது. எதிரே அத்தனை வாயும் திறந்தது, அத்தனை கையும் வானத்துக்குப் போனது. சங்கிலி மயங்கிக் குருவையாவின் மேல் சாய்ந்தான். அந்த இடியில் குருவையாவின் விரல் பட்டனை அமுக்கியது. 'கார்டு நிறைந்துவிட்டது' என்று கேமரா தன் பாஷையில் சொல்லிவிட்டு அடங்கியது.

"சுடலை! சுடலை!" என்று கடம்பனூர் ஜனம் குதித்தது. "அந்தப் பய சுடலை அடிச்சுட்டாம்லே!"

குருவையாவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "நான் அவன் அண்ணம்யா!" என்றார். உடனே நாலு பேர் அவரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினார்கள். ஒருவர் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். மீசை முறுக்கியவர் அவர் கையைப் பிடித்து, "உங்க தம்பி மாதிரி ஒரு ஆட்டக்காரன் எல்லா டீம்லயும் இருக்கணும்யா" என்றார்.

"எதிர் ஊர்க்காரனே இப்படிக் கொண்டாடுதாம்னா, அது எப்பேர்ப்பட்ட கோலா இருக்கணும்!" என்றார் வேலாண்டி.

மைதானத்து வாசலில் சுடலைமணி தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான். சட்டை முழுக்கப் புழுதி.

"அண்ணே, போச்சுண்ணே" என்றான். "ஒண்ணுக்கு ஜீரோ. தோத்துட்டோம்."

"மொத்த ஆட்டத்துலயும் ஒரே கோல். அதையும் அடிச்சது நம்ம பய" என்று குருவையா அவனைக் கட்டிப்பிடித்தார்.

"அண்ணே, உனக்குப் புரியல. பந்தைத் தடுக்கப் போயி நம்ம போஸ்ட்டுக்குள்ளயே அடிச்சுட்டேன்."

குருவையா ஒரு நிமிஷம் யோசித்தார்.

"நம்ம போஸ்ட்டுன்னா இன்னும் நல்லதாப் போச்சு. அடுத்தவன் போஸ்ட்டுல போயி அடிக்கது மரியாதையா?"

"மாமனார் கேட்டது கோல்" என்றார் வேலாண்டி. "யாரு போஸ்ட்டுன்னு கேக்கல. கேக்காததை நாம சொல்லப்பிடாது. கோர்ட்டுல அப்படித்தான்."

சங்கிலி இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஸ்டுடியோவில் ஆரோக்கியம் கார்டைப் போட்டுப் பார்த்தார். தொட்டி, ரோடு, சங்கிலி, காளை, இருட்டு என்று ஓடிக் கடைசிப் படத்தில் வந்து நின்றது. நெடுநேரம் அதைப் பார்த்தார். அப்புறம் குருவையாவைப் பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தவர், கேட்டால் பதில் சொல்லிவிடுவார்கள் என்று பயந்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் மாட்டிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வாகைப்பட்டியில் ஐயம்பெருமாள் படத்தை மடியில் வைத்துக்கொண்டு கண்ணாடியை மாட்டினார். சுடலைமணி ஓரமாக, வியர்த்துக்கொண்டு நின்றான். வாசல்படியில் தங்கபுஷ்பம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். படத்தில் ஒரே ஜனம். எல்லோரும் கொஞ்சம் சாய்வாக எழுந்து நின்று, கையைத் தூக்கி, வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்க வே?" என்றார் ஐயம்பெருமாள்.

"அவரு கோல் அடிச்சுக்கிட்டு இருக்காரு மாமா. அந்த நேரத்துல படத்துக்குள்ள எப்படி வந்து நிப்பாரு?" என்றார் குருவையா.

"சரிதான். கோல் எங்க?"

"இவ்வளவு சனமும் எங்க பாக்குதோ அங்க" என்றார் வேலாண்டி.

ஐயம்பெருமாள் படத்தை உற்றுப் பார்த்தார். "என்னையப் பாக்காவ" என்றார். கொஞ்சம் வலதுபக்கம் நகர்ந்தார். "இப்பவும் என்னையத்தான் பாக்காவ." குனிந்து பார்த்தார். எழுந்து பார்த்தார். "இல்ல இல்ல. என்னையத் தாண்டி, எனக்குப் பின்னாடி பாக்காவ."

மெதுவாகத் திரும்பினார். எல்லோரும் திரும்பினார்கள். பின்னால் ஒரு இரும்பு பீரோ நின்றது.

தம்பியின் கல்யாணம் அந்த பீரோவுக்கு முன்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது. அப்போது தங்கபுஷ்பம் வாய் திறந்தாள்.

"அப்பா, பீரோ மறைக்குது. நவத்துங்க."

சங்கிலியும் வேலாண்டியும் பீரோவைத் தள்ளி மூலையில் ஒதுக்கினார்கள். வெறும் சுவர் தெரிந்தது. ஐயம்பெருமாள் படத்தை நெஞ்சோடு அணைத்து, ஜனத்தின் முகம் சுவரைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, அந்த ஜனத்தோடு சேர்ந்து தானும் பார்த்தார். கண்ணைச் சுருக்கினார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மலர்ந்தது.

"எம்மாடி, என்னா அடி!" என்றார். "வலது காலா மாப்பிள்ளை?"

"வலது கால்தான் மாமா" என்றான் சுடலைமணி. அந்த அளவில் அது உண்மை.

அங்கேயே தேதி குறித்தார்கள். குருவையா அழுதார். பிறகு சிரித்தார். கேசரி வந்தது, இந்தத் தடவை சுடலைமணி தட்டைத் திருப்பிக் கொடுத்தான்.

கல்யாணத்துக்கு வீட்டை வெள்ளையடிக்க மேலச்சடையனேரியில் இருந்தே ஆள் கூட்டி வந்தார்கள். எல்லாச் சுவருக்கும் அடி, இந்தச் சுவரை மட்டும் தொடாதே, கோல் மேல் சுண்ணாம்பு பட்டுவிடும் என்று ஐயம்பெருமாள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வெள்ளையடிக்கிறவன் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி எதிர்ச் சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்தான். திரும்பி, வெறும் சுவரைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"கோல் அருமையா விழுந்திருக்கு அண்ணாச்சி" என்றான். "ஆனா கோல்கீப்பரைக் காணுமே?"

ஐயம்பெருமாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவரும் ஒரு தடவை சுவரைப் பார்த்தார். அப்புறம் மூட்டுவலியையும் பார்க்காமல் மூலைக்குப் போய், நகர்த்தி வைத்திருந்த பீரோவுக்குப் பின்னால் குனிந்து தேட ஆரம்பித்தார்.